தூரத்தில் இருந்தால் சின்னதாகத்தானே தெரியும்: ஒரு குடும்பப் படமும் நாங்கள் அதைப் படித்த விதமும்

அந்தப் பையனின் படத்தை முதலில் நானும் தப்பாகத்தான் படித்தேன். மாணவி எழுதிக் கொண்டுவந்த அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட்டவள் நான். ஆகவே இந்த நிகழ்வு ஆய்வில் யார் எங்கே சறுக்கினார்கள் என்று சொல்லத் தொடங்கினால் என்னிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களுக்கு ஆர்ட் தெரப்பியையும் (ஓவியம் வழியான உளச்சிகிச்சை) குடும்ப ஆலோசனையையும் சேர்த்து ஒரே பாடமாக நடத்துகிறேன். 14 வாரம் வகுப்பு, அப்புறம் களப்பயிற்சி. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, வாரியத்தில் பதிவு பெறாதவர் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மாணவர் பார்க்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பின்னால் பதிவு பெற்ற ஒருவர் பொறுப்பாக நிற்கிறார். இங்கே அது நான்.

குடும்பத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், வேறொரு குடும்பத்தின் துணுக்குகளையும் கலந்திருக்கிறேன். பெயர்கள் இல்லை. பையன், அம்மா, அப்பா, பாட்டி, தங்கச்சி. அவ்வளவு போதும்.

ஊரும் வீடும்

கோலசிலாங்கூர் மாவட்டத்து ஊர் அது. அரசாங்கப் பலகையில் 2007இலிருந்து பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், தோட்டம் கைமாறியதும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டு டவுன் பக்கத்து மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இந்தக் குடும்பத்துக்கும் அதே கதை. மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஐந்து பேர்.

பையனுக்கு வயது பத்து. புதிய தமிழ்ப்பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத் தூக்குவான், சத்தம் வராது. வீட்டில் பேசுகிறான் என்றார் அம்மா. முதலில் கிளினிக்குக்கு அனுப்பிக் காதைப் பரிசோதிக்கச் சொன்னோம். கோளாறு ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் பேசி இன்னோர் இடத்தில் பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்டதும் மாணவர்கள் தேர்ந்த மௌனம் என்ற பெயரைச் சட்டென்று எடுத்து ஒட்டிவிடுவார்கள். அது பதற்றம் சார்ந்த ஒரு கோளாறு. பிள்ளை வீம்புக்காக வாயை மூடிக்கொள்வதில்லை. ஆனால் வீடும் பள்ளியும் ஒரே நேரத்தில் மாறிய பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்ட அவசரம் வேண்டாம் என்றேன். அந்த நிதானம் எனக்கு அடுத்த வாரம் இல்லாமல் போனது.

முதல் படம்

பாடத்தில் நாங்கள் சொல்லிக் கொடுக்கும் முறைகளில் ஒன்று, ராபர்ட் பர்ன்ஸும் ஹார்வர்ட் காஃப்மனும் 1970இல் கொண்டுவந்த இயங்கும் குடும்பப் படம். உன்னையும் சேர்த்து உன் குடும்பத்தில் எல்லாரையும் ஏதாவது ஒரு வேலை செய்வது மாதிரி வரை, குச்சி மனிதர்களாக வேண்டாம். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மாணவி, "ஒங்க பேமிலிய வரை, சரியா?" என்று சொல்லி ஏ4 தாளையும் பென்சிலையும் கொடுத்திருக்கிறார்.

அதற்கு முன்னால் ஒரு தப்பு நடந்திருந்தது. பிள்ளை இலகுவாகட்டும் என்று மாணவி முதலில் பன்சோ போஸ்டர் கலரைக் கரைத்து வைத்திருந்தார். பையன் நீலத்தில் தண்ணீரைக் கொட்டி, தாள் ஊறிக் கிழிந்து, மேசையெல்லாம் ஓடி, அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உறைந்து உட்கார்ந்துவிட்டான். கேகினும் லூஸ்பிரிங்கும் 1978இல் சொன்ன விஷயம் இது. ஓடுகிற பொருள் உணர்ச்சியை அவிழ்த்துவிடும், கெட்டியான பொருள் கைக்குப் பிடி கொடுக்கும். ஏற்கெனவே இறுகிப்போன பிள்ளைக்கு முதல் நாளே தண்ணீர் வண்ணம் கொடுத்தால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்? மாணவி தேர்வில் இதை அழகாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்தான்.

பென்சிலில் வரைந்த படத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். இடது ஓரம் அடுப்புக்கு முன்னால் அம்மா. வலது ஓரம் நாற்காலியில் பாட்டி, அம்மாவைவிடப் பெரிதாக. நடுவில் துணி காயப்போடும் ஒரு பெண். தங்கச்சி, ஒரு நாய், யாரோ இரண்டு பையன்கள், ஒரு கிழவர். பையன் தூணுக்குப் பக்கத்தில். அப்பா தாளின் மேல் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு. அப்பாவுக்குக் கை இல்லை.

மாணவியின் அறிக்கை மலாய் மொழியில் இரண்டு பக்கம். தந்தை உணர்வளவில் விலகியவர், கைகள் இல்லாதது அவருடைய செயலின்மையைக் காட்டுகிறது, பாட்டி ஆதிக்கம் செலுத்துகிறார், குடும்பத்தைச் சேராதவர்களையும் சேர்த்து வரைந்திருப்பதால் எல்லைகள் கலைந்த குடும்பம். படித்தேன். பாடப்புத்தகச் சொற்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

இப்படிக் கை, கண், அளவு என்று ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஓர் அர்த்தம் வைத்து ஆளின் குணத்தைச் சொல்வதற்கு ஆய்வு ஆதாரம் மிகக் குறைவு என்று மூன்றாம் வாரத்தில் நானேதான் வகுப்பெடுக்கிறேன். பரீட்சை வினாவிலும் வரும்.

அறிக்கையின் ஒரு பிரதி பள்ளிக்கூடத்துக்குப் போனது. அங்கே யாரோ நல்ல மனசோடு அம்மாவிடம் வாசித்துக் காட்ட, அம்மா தொலைபேசியில் அப்பாவிடம் சொல்ல, அடுத்த சந்திப்புக்கு அப்பா வரவில்லை. அவர் எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். ஜொகூர் மாநிலத்துப் பாசீர் கூடாங் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் நடுவில் அலைச்சல், வீட்டுக்கு வருவதே பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. அந்த ஒரு சனிக்கிழமையைத்தான் நாங்கள் கேட்டிருந்தோம்.

மூன்றாம் சந்திப்பு

பள்ளியின் வள மையத்தில், குட்டி நாற்காலிகளுக்கு நடுவே சந்தித்தோம். இந்த முறை நானும் போனேன். பாட்டி உள்ளே வந்து என்னைப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்தத் தோட்டம்மா?"

தன்னைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்று ஆலோசனைப் பாடத்தில் ஒரு வாரம் முழுக்கப் பேசுகிறோம். வெளியூர்ப் புத்தகங்கள் இந்தக் கேள்வியைத் தனிப்பட்ட கேள்வி என்று எடுத்துக்கொண்டு, கேட்டவரிடமே அதை மென்மையாகத் திருப்பிவிடச் சொல்லும். நம் ஊரில் இதைத் திருப்பிவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. எந்தத் தோட்டம் என்பது ஆளை இடம் வைத்துக்கொள்ளும் முறை, வணக்கத்துக்குப் பிறகு வர வேண்டிய இரண்டாம் வார்த்தை. சொன்னேன். எங்கள் தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) ஒருவரை அவருக்குத் தெரிந்திருந்தது. "அப்ப சரி" என்று உட்கார்ந்தார்.

அப்பா உட்காரவில்லை. "நா என்னாங்க, புள்ளைங்கள விட்டுட்டா ஓடிட்டேன்?" என்றார். மாணவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அறிக்கையில் கையெழுத்து என்னுடையது, அப்படி எழுத எங்களுக்கு உரிமை இல்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் பதில் சொல்லாமல் மேசையிலிருந்த படத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மகனிடம் திரும்பி, கோபமெல்லாம் போய், உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைக்கிற குரலில் கேட்டார்:

"ஏன்டா, என்னய மட்டும் இத்தூண்டு போட்டிருக்க?"

பையன் அவர் காதருகே போய்ச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "நீங்க ஜொகூர்லல்ல இருக்கீங்க. தூரத்துல இருந்தா சின்னதாத்தானே தெரியும்."

"கை?"

"லாரி ஓட்டுறீங்க. கை ஸ்டீரிங்ல இருக்கு."

உற்றுப் பார்த்தால் அப்பாவைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் இருந்தது. லாரியின் ஜன்னல். அந்தக் கட்டத்தையும் அறிக்கையில் "தனிமைப்படுத்தல்" என்று எழுதியிருந்தோம்.

எங்கள் முன்னால் அந்தப் பிள்ளை பேசிய முதல் வார்த்தைகள் அவை. கேட்டது நாங்கள் இல்லை, அவன் அப்பா.

அன்று காரில் திரும்பும்போது மாணவி, "அப்படின்னா டாக்டர், படத்துல ஒண்ணுமே இல்லையா?" என்றார். ரவாங் வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்றால் நான் பத்து வருடமாக எதை நடத்திக்கொண்டிருக்கிறேன்?

மாஜோங் பேப்பர்

நான்காம் சந்திப்புக்கு ஒரு பெரிய தாளைத் தரையில் விரித்தோம். நம் ஊர்ப் பள்ளிகளில் மாஜோங் பேப்பர் என்றால் எல்லாருக்கும் தெரியும். நான்கு தாளைச் செலோடேப் போட்டு ஒட்டியது. ஆளுக்கு ஒரு வண்ணம், கடைசிவரை மாற்றக் கூடாது. இருபது நிமிடம், யாரும் பேசக் கூடாது. எல்லாரும் சேர்ந்து ஒரே படம். குடும்பத்தையே ஒரு தாளின் முன் உட்கார வைக்கும் இந்த வழியை அமெரிக்காவில் 1950களின் கடைசியில் ஹன்னா க்வியட்கோவ்ஸ்கா உருவாக்கினார். வண்ணத்தைப் பிரித்துக் கொடுத்து, பேசாமல் வரையச் சொல்லி, யார் தொடங்கினார், யார் யாரைப் பின்தொடர்ந்தார், யார் கோட்டின் மேல் யார் கோடு விழுந்தது என்று கவனிக்கச் சொன்னவர் ஹெலன் லாண்ட்கார்ட்டன். வரைந்து முடித்த படத்தைவிட வரைகிற இருபது நிமிடம்தான் இதில் முக்கியம். மாணவர்களுக்குப் புரியவைக்க எனக்குப் பாடாய்ப் படுத்தும் விஷயம் இது. முடிந்த படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்து, "இதுக்கு என்ன அர்த்தம் டாக்டர்" என்பார்கள்.

பாட்டி ஆயில் பாஸ்டல் டப்பாவைக் கிளறினார். "வெள்ள இல்லியா?" வெள்ளைத் தாளில் வெள்ளை தெரியாது என்று மாணவி சொன்னதும் சிரித்துவிட்டுச் செங்காவியை எடுத்தார். நாற்காலியிலிருந்து ஒரு கையை ஊன்றி மெல்லத் தரைக்கு இறங்கி, தாளின் நடுவில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். ஐந்து, நாலு, மூன்று. லயத்து வாசலில் எத்தனை வருடம் வைத்த புள்ளியோ, இடைவெளி ஒரு நூல் பிசகவில்லை. அம்மா பச்சை. தன் பக்கத்து ஓரத்தில் அடுக்குமாடியை, ஜன்னல் ஜன்னலாக, அளவுகோல் வைத்த மாதிரி. அப்பா நீலத்தை எடுத்து ஒரு சாலை போட்டார், அது தாளின் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது. ஐந்து வயதுத் தங்கச்சி ஊதாவில் எல்லார் படத்தின் மேலும் ஓடினாள். பையன் பழுப்பு வண்ணத்தைக் கையில் உருட்டிக்கொண்டு ஆறேழு நிமிடம் சும்மா இருந்தான்.

தங்கச்சியின் ஊதாக் கோடு பாட்டியின் புள்ளிகளுக்கு நடுவே போனது. அம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். பாட்டி, விடு என்பது போலக் கையை ஆட்டினார். பிடித்த கை விடவில்லை. ஆட்டிய கை நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பையனைப் பார்த்தார்கள்.

ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்கள்.

பையன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். மாணவி குறிப்பேட்டில் குனிந்திருந்தார், அந்த ஒரு கணத்தை விட்டுவிட்டார். புத்தக அலமாரிப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கிடைத்தது. அப்போது தங்கச்சி, பேசக் கூடாது என்ற விதியெல்லாம் மறந்து, எங்களுக்கு விளக்கம் சொல்வது போலச் சொன்னாள்: "அண்ணன்தான் போய்ச் சொல்லணும். அம்மா சொல்றத பாட்டிகிட்ட அண்ணன்தான் சொல்வான்."

பெரியவர்கள் மூன்று பேரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துணி காயப்போடும் பெண்

அப்புறம் கதை வந்தது, ஐந்தாம் சந்திப்பில் அம்மாவிடமிருந்து கொஞ்சம், ஆறாவதில் பாட்டியிடமிருந்து கொஞ்சம். மாமியாருக்கும் மருமகளுக்கும் நேருக்கு நேர் பேச்சு லயத்திலேயே குறைவு. பெரிய சண்டையெல்லாம் கிடையாது, மரியாதையும் மனத்தாங்கலும் கலந்த ஒரு பழக்கம். அங்கே அது ஓடியது. அஞ்சடியில், அதாவது வீட்டு முன்நடையில், நின்று துணி காயப்போடும் பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். அம்மா அவரிடம் சொல்வார், அவர் பாட்டியிடம் வேறு மாதிரி, கொஞ்சம் சர்க்கரை தடவிச் சொல்வார். இருபது வருடம் அந்த வேலையைப் பார்த்திருக்கிறார், சம்பளமில்லாமல். லயத்தைக் காலி செய்தபோது அந்த அக்கா மகள் வீட்டோடு போய்விட்டார். மூன்றாம் மாடியில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீடு யாரென்று தெரியாது. ஆகவே வேலை பையனிடம் வந்து சேர்ந்தது. "பாட்டிகிட்ட கேளு, மாத்திரை போட்டாச்சான்னு." "ஒங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கு ராத்திரிக்கு சோறு வேணாம்." அடுத்த அறைதான்.

அவனுக்குச் சர்க்கரை தடவத் தெரியாது. மருந்துச் செலவைப் பற்றி அம்மா தனக்குள் முணுமுணுத்த ஒரு வார்த்தையை, சொல்லச் சொன்னதாக நினைத்துக்கொண்டு, அப்படியே எழுத்து மாறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தான். பாட்டி பையைக் கட்டிக்கொண்டு காப்பாரிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்தார். பள்ளியில் அவன் பேச்சு நின்றது அந்த வாரங்களில்தான் என்று அம்மா கணக்குப் போட்டுச் சொன்னார். அதுதான் காரணம் என்று நான் எழுத மாட்டேன், புதுப் பள்ளியும் அதே மாதங்கள்தான். ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன்.

இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கம் வந்தால் மூன்றாவது ஆளை இழுத்து அதைத் தணித்துக்கொள்வார்கள் என்றார் குடும்பச் சிகிச்சையாளர் மர்ரே போவன், முக்கோணம் என்று பெயர் வைத்தார். ஆனால் எனக்கு உறைத்தது வேறொன்று. முதல் படத்தை மறுபடி எடுத்து வைத்தேன். இடது ஓரம் அம்மா, வலது ஓரம் பாட்டி, நடுவில் துணி காயப்போடும் பெண். பையன் தூணோரம், சும்மா நின்றுகொண்டு. முதல் நாளே முழுசாக வரைந்து கொடுத்துவிட்டான், வீடு எப்படி இருந்தால் தனக்கு வேலை இல்லையோ அந்த வீட்டை. நாங்கள்தான் அந்த அக்காவை "குடும்பத்தைச் சேராதவர்" என்று ஒரு வரியில் கழித்துவிட்டோம்.

வகுப்பில் இந்த இடத்தில்தான் நேரம் அதிகம் போகிறது. குடும்பச் சிகிச்சையாளர் மினுச்சின் 1974இல் எழுதிய எல்லைகள் என்ற கருத்து, குடும்பத்தில் யார் எதில் எவ்வளவு தலையிடலாம் என்பது, நல்ல கருத்து, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஒருவருக்குள் ஒருவர் கலந்து எல்லையே இல்லாமல் போன குடும்பத்துக்கு அவர் வைத்த பெயரைத் தமிழாக்கச் சொன்னால் மாணவர்கள் "பின்னிப் பிணைந்த குடும்பம்" என்பார்கள். தமிழில் அது பாராட்டு, கல்யாண மேடையில் வாழ்த்தாகச் சொல்வார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று குறியீடுகளால் காட்டும் குடும்ப வரைபடத்திலும் இதே சிக்கல்தான். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. மாமன் மகளைக் கட்டியவர் மகன் ஒருவர் என் வகுப்பில் தன் வரைபடத்தைப் போட்டுவிட்டு, அந்த இரட்டைக் கோட்டைச் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார், ஏதோ நோய் அடையாளம் போல. "ஒங்க அம்மாவும் அப்பாவும் எப்படி இருக்காங்க?" என்றேன். "நல்லாத்தான் இருக்காங்க" என்றார்.

நாள்காட்டி

பையனை அந்த வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும், அதுதான் திட்டம். நேராகப் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடம் நேராகப் பேசாத இரண்டு பெண்கள் எங்களுக்காக ஒரு சனிக்கிழமை பேசிக்காட்டுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பழையபடி ஆகிவிடும். ஆறாம் சந்திப்பில் மாணவி ஒன்று மட்டும் கேட்டார்: பக்கத்து வீட்டு அக்கா இல்லாத இடத்தில் வேறு எதை வைக்கலாம்?

வழி சொன்னது பாட்டி. வீட்டில் தேதி கிழிக்கும் நாள்காட்டி ஒன்று தொங்குகிறது, அதில் எழுதிவிடலாம் என்றார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்து மெதுவாகத்தான் வரும். அதனால் வரைந்தார். ஏழாம் சந்திப்புக்கு அம்மா கிழித்த தாள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு தாளின் ஓரத்தில் கத்தரிக்காய், இரண்டு. அதன் கீழே அம்மாவின் கையெழுத்தில், "1 கிலோ 8 வெள்ளி அத்தை, அடுத்த வாரம்." இன்னொன்றில் ஒரு மாத்திரை அட்டை, அதில் கடைசி இரண்டு மாத்திரை மட்டும். வேறொன்றில் ஒரு கண், பக்கத்தில் கேள்விக்குறி. கண் ஆஸ்பத்திரிக்கு என்றைக்குப் போகணும் என்று அர்த்தமாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, நான் வேறு என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

மொத்தம் எட்டுச் சந்திப்பு. முடிவில் பையன் பள்ளியில் ஒரே ஒரு நண்பனிடம் பேசினான், வள மையத்து ஆசிரியையிடம் புத்தகத்தின் பெயரைச் சொன்னான். வகுப்பில் எழுந்து வாசிக்க இன்னும் வரவில்லை. களப்பயிற்சி முடிந்துவிட்டதால் தொடர்ந்து பார்க்கப் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரிடம் ஒப்படைத்தோம். அப்பாவின் சாலை அந்தத் தாளின் விளிம்பில் நின்றது பற்றி யாரும் பேசவே இல்லை. மாதம் இரண்டு சனிக்கிழமையில் அதற்கு நேரம் வரவில்லை. அது இந்த ஆய்வில் பாதியில் நிற்கிற இடம்.

திருத்திய அறிக்கையை நானே எழுதினேன். படத்தைப் பற்றிய பத்தியில் குடும்பத்தார் சொன்னதை மட்டும் அவரவர் வார்த்தையில் வைத்தேன். அப்பாவிடம் முதலில் வாசித்துக் காட்டினேன், டேங்கரை ஓரங்கட்டிவிட்டுப் போனில் கேட்டார். பிறகு பள்ளிக்குக் கொண்டுபோய், பழையதை எடுத்துவிடும்படி கேட்டேன். கோப்பிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்றார்கள். புதியதைப் பழையதின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து உள்ளே வைத்தார்கள்.